கொடுத்த பசி

சோற்றுச் சட்டியின் அடி சுரண்டப்பட்டிருந்தது.

ஸகியா மூடியைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். றமழானின் பதினெட்டாம் நோன்பு. அஸர், பின்னேரத் தொழுகை முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊரே பசித்துச் சுருண்டு கிடக்கும் அந்த நேரத்தில், குசினி யன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெயிலில், சட்டியின் அடியில் நான்கு விரல்களின் தடம் தெளிவாகத் தெரிந்தது. விடியுமுன் சாப்பிட, சஹருக்கு ஆக்கியதில் மிஞ்சியது அடிப்பிடித்த சோறு மட்டும்தான். நோன்பு திறந்தபின் மகள் றஸ்னா அதைச் சம்பலோடு தின்ன ஆசைப்படுவாள் என்று எடுத்து வைத்திருந்தாள். பூனைக்குப் பயந்து மூடியின் மேல் அம்மிக் குழவியையும் இரண்டு கையாலும் மூச்சு வாங்கத் தூக்கி வைத்திருந்தாள். குழவி வைத்த இடத்திலேயே இருந்தது. பின்கதவின் தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது.

"றஸ்னா, சட்டியத் தொட்டியா மனே?"

முன்னறையிலிருந்து தூக்கக் குரல் வந்தது. "நோன்போட நானா? பூனையா இரிக்கும் உம்மா."

"பூனை குழவிய இறக்கி வெச்சுத் தின்னுட்டு, திரும்பத் தூக்கி வெச்சிட்டுப் போகுமா?"

"அப்ப அது படிச்ச பூனை."

அவள் சிரித்தது கேட்டது. ஸகியாவும் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மணலைக் கண்டாள். ஈர மணல். இந்த வீட்டுத்திட்டம் வயலை நிரப்பிக் கட்டியது. வளவெங்கும் சிவந்த கிறவல் மண்தான் கிடக்கும். கடல் இங்கிருந்து இரண்டு கட்டை தூரம். அவள் மணலை விரலால் தொட்டு மூக்கின் அருகே கொண்டுபோனாள். உப்பு. அதற்கடியில் சேறு. அதற்கும் அடியில், ஐந்து வருடங்களுக்கு முன் கடல் ஊருக்குள் வந்த பிறகு ஒரு மாதம் முழுவதும் கல்முனைக்குடியின் கடற்கரைத் தெருக்களில் நின்ற அந்த நாற்றம்.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். விரல் தடம் போக மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

தீய்ந்த சோறு தின்ன அந்தக் குடும்பத்தில் றஸ்னாவுக்கு முன்பே ஒருத்தி ஆசைப்பட்டிருந்தாள். ஸகியாவின் தங்கச்சி லைலா. கடல் வந்தபோது வயது பதினேழு. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பெரிய தட்டில் அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை மட்டும் எடுத்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கத்துக்குக் கை போகக் கூடாது என்பது வாப்பாவின் சட்டம். லைலாவின் கை மட்டும் போகும். ராத்தாவின், தன் அக்காவின் பக்கத்துக்கு வரும். ஸகியா அந்தக் கையில் ஒரு அடி போடுவாள். அது சிரித்துக்கொண்டே பின்வாங்கி, மறுபடியும் வரும்.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லைலா நோன்பு பிடித்திருந்தாள். றமழானில் மாதவிலக்கால் விடுபட்ட ஏழு நோன்புகளைப் பிறகு பிடித்துக் கொடுக்க வேண்டும், களா நோன்பு. மார்கழி வரை இழுத்தடித்து, அன்றைக்குத்தான் முதலாவதைப் பிடித்திருந்தாள். ஸகியா ரொட்டி சுட மாப்பிசைந்துகொண்டு, கடற்கரைத் தெருவில் மாமி வீட்டில் போய் ஒரு தேங்காய் வாங்கி வரச் சொன்னாள்.

"ராத்தா, எனக்குப் பசிக்குது. நடக்க ஏலா."

"நோன்புக்காரிக்குக் கால் இல்லியா? போய்ட்டு வாகா."

லைலாவின் மையித்து, உடல்கூட, கிடைக்கவில்லை.

அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில், காலிதீன் மௌலவி பெண்களுக்கு ஒரு விஷயம் சொன்னார். களா நோன்போடு மௌத்தானவருக்காக, இறந்துபோனவருக்காக, நெருங்கிய உறவுக்காரர் அந்த நோன்பைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று நமது மத்ஹபில், நாம் பின்பற்றும் சட்டப் பிரிவில், ஒரு சொல் உண்டு என்றார். உம்மாவும் வாப்பாவும் இல்லாத வீட்டில் லைலாவுக்கு நெருக்கமான உறவு ஸகியாதான். ஏழு நாள் பிடித்தாள். சுற்றிலும் நிவாரணப் பருப்பு கொதிக்க, பாண் பொதிகள் கையிலிருந்து கைக்குப் போக, சிறுபிள்ளைகள் தட்டுகளோடு வரிசையில் நிற்க, வகுப்பறையின் மூலையில் கரும்பலகைக்குக் கீழே பசியோடு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நோன்புக்கு முந்திய இரவு நிய்யத்து, நோன்பு பிடிக்கும் உறுதி, வைக்கும்போது, வழமையான சொற்களுக்குப் பிறகு அழுகையில் ஒன்றைக் கூட்டிச் சொன்னாள். யா அல்லாஹ், இந்த நோன்பில் எனக்கென்று ஒன்றும் வேண்டாம். இதன் நன்மையும் பசியும் எல்லாம் அவளுக்கே ஹதியா.

ஓதிய ஓதலின் நன்மையையும் கொடுத்த ஸதகாவின், தர்மத்தின் நன்மையையும் மௌத்தானவர்களுக்கு ஹதியாவாக, அன்பளிப்பாகக் கொடுப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். பசியை யாரும் கொடுத்ததில்லை.

மறுநாள் மஃரிபில், பொழுது பட்டு நோன்பு திறக்க, ஈச்சம்பழத்தைக் கடித்தாள். அதன் பிறகு பசி வரவில்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. துக்கம் என்றார்கள். மாதங்கள் போயின. சாப்பாட்டு நேரத்தைச் சுவரில் இருந்த மணிக்கூடு சொன்னது, வயிறு சொல்லவில்லை. சோற்றைப் பஞ்சு மாதிரி மென்று, தண்ணீரால் தள்ளி இறக்கினாள். முதலில் முடி நரைத்தது. பிறகு கைச்சதை எலும்பிலிருந்து கழன்று தொங்கியது. பிறகு பல். முப்பத்தைந்தாவது வயதில் இடுப்பு கூனியது. ஒருமுறை அக்கரைப்பற்றுக்குப் போகும் வழியில், செக்பொயின்றில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பொடியன் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் அட்டையைப் பார்த்தான்.

"ஆச்சி, இது மகள்ட ஐடென்டி. ஆச்சிட எங்க?"

பின்னால் நின்ற பெண்தான், "இது அவட தான் ஐயா, சுனாமிக்குப் பிறகு இப்படி" என்றாள். அந்தப் பொடியன் அட்டையை நீட்டியபோது அவளுடைய விரல்கள் படாமல் நுனியைப் பிடித்து நீட்டினான்.

புருஷன் றம்ஸீன் நல்லவன். அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் முகம் பார்த்துக் கதைப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. சிறுபோக அறுவடைக்கு வரிப்பத்தான்சேனைக்கு லொறியோடு போனவன், பெருநாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

இந்த றமழானுக்கு இரண்டு கிழமை முன்னர் றஸ்னாதான் அவளைக் கல்முனை டவுனுக்கு, டொக்டர் புண்ணியமூர்த்தியிடம் இழுத்துக்கொண்டு போனாள். யுத்தம் முடிந்து மூன்று மாதம். சந்தியில் மண்மூட்டைக் காவலரணைப் பிரித்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் நான்கு நாய்கள் படுத்திருந்தன. டொக்டர் பாண்டிருப்புக்காரர், பருத்த மனிதர். ரிப்போட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சீனி இல்ல, பிரஷர் இல்ல, தைரொயிட் சரி, புற்று ஒண்டும் இல்ல. என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யல்ல டொக்டர். பசிதான் இல்ல."

"எனக்கு அது மட்டுந்தான் இருக்குது." அவர் தன் வயிற்றைத் தட்டினார். றஸ்னா சிரித்தாள். அவர் சிரிப்பை நிறுத்தி, ஸகியாவின் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது தூக்கிய இடத்திலேயே கூடாரம் மாதிரி நின்றது. "எவ்வளவு காலமா?"

அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை, ஏழு நோன்பையும் கூட்டிச் சொன்ன சொற்களையும், அந்த மேசை மின்விசிறியின் சத்தத்துக்குள் சொன்னாள். மகள் பக்கத்துக் கதிரையில் இருந்ததை அவள் மறந்துவிட்டாள். அல்லது பிள்ளைதானே என்று நினைத்தாள். எதுவென்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

டொக்டர் பேனையை மூடினார். "நீங்க சொல்ற விசயம் எனக்குத் தெரியா. நான் எனக்குத் தெரிஞ்சதச் சொல்றன். வயிறு வெறுமையாகேக்க அதுல இருந்து ஒரு சுரப்பு வரும். கிரெலின் எண்டு பேர். கண்டுபிடிச்சுப் பத்து வருசம் இருக்கும். அது இரத்தத்தில ஏறிப் போய் மூளைக்கிட்ட சாப்பிடு, சாப்பிடு எண்டு சொல்லும். அதுதான் பசி. அதோட நிக்கிறதும் இல்ல. உடம்ப வளக்கிற மற்றச் சுரப்பயும் அது தட்டி எழுப்பும். தசை, எலும்பு, இதயம் எல்லாம் அதுட கதையக் கேக்கிறதாத்தான் சொல்றாங்க. வயசு போகப்போக அதுட குரல் தணிஞ்சுபோகும். அதாலதான் வயசாளிகளுக்கு சோத்துல மனம் போறல்ல, உடம்பு கரையுது."

"அப்ப எனக்கு வயசு போனதால பசி போச்சுதா?"

"உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு தங்கச்சி." அவர் யன்னலைப் பார்த்தார். "கிழண்டதால பசி போகுதா, பசி போனதால கிழளுதா எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியா."

அப்போதுதான் றஸ்னா கேட்டாள். "ரத்தம் ஏத்திற மாதிரி, பசிய ஒரு ஆள்ட எடுத்து இன்னொரு ஆளுக்கு ஏத்தலாமா டொக்டர்?"

"ஊசியில ஏத்திப் பாக்கிறாங்க, வெளிநாட்டில. ஒரு ஆள்ட எடுத்து ஏத்த ஏலா மகள். பசி அவரவர்ட பசிதான்."

பிள்ளை தலையாட்டினாள். பாடம் கேட்பவள் மாதிரி.

டவுனிலிருந்து திரும்பும் வழியிலேயே ஸகியா பள்ளிவாசல் ஒழுங்கையில் இறங்கி, காலிதீன் மௌலவியின் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். மௌலவி நிலத்தைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார். "நன்மையத்தான் ஹதியா செய்யலாம் புள்ள. பசி உடம்புட விசயம். அதக் குடுக்கவும் ஏலா, எடுக்கவும் ஏலா. இது ஷைத்தான்ட வஸ்வாஸ், அவன் ஊதுற மனக்குழப்பம். ஸலவாத்து ஓதுங்க."

"குடுத்தத் திருப்பிக் கேக்கலாமா மௌலவி?"

"ஹதியாவத் திருப்பிக் கேக்கிறது கூடாத காரியம்," என்றார். பிறகு, தான் எதற்குப் பதில் சொன்னோம் என்று யோசித்தவர் போல நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய முகத்தைக் கண்டதும் மறுபடி நிலத்தைப் பார்த்தார்.

பத்தொன்பதாம் நோன்பில், அஸருக்குப் பிறகு, சட்டி மறுபடி சுரண்டப்பட்டது. இந்தத் தடவை அவள் சத்தத்தைக் கேட்டாள். முன்னறையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து வந்தது: நகம் மண்சட்டியில் இழுபடும் சத்தம், நிற்கும், விரலைச் சூப்பும் ஈரச் சத்தம், மறுபடி நகம். அவசரமான சத்தம் அல்ல. வாப்பாவுக்குத் தெரியாமல் தின்னும் பிள்ளையின் சத்தம். வெளியே வெளிச்சம் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டில் றேடியோவில் மார்க்கப் பேச்சு, பயான் போனது. வயல்பக்கம் அறுவடை மெசின் இரைந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்தச் சத்தம் வெட்கமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போக முழங்கால் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தபோது யாரும் இல்லை. சீமெந்துத் தரையில் கால்தடம் இருந்தது. சின்னக் கால். ஈரம். பின்கதவிலிருந்து அடுப்படிக்கு வந்த தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. அந்த விளக்கம் வந்து நின்ற விதம் எளிமையாக இருந்தது. மௌத்தானவர்களுக்குப் பசியில்லை, அதுதான் மௌத்தில் இருக்கும் ஒரே ரஹ்மத்து, ஒரே அருள். லைலா பசியோடு போனவள். போன இடத்தில் அந்தப் பசி அடங்கியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு, எல்லாம் முடிந்து கிடந்தவளுக்கு, ராத்தா தன் கையால் மறுபடியும் பசியைக் கொடுத்துவிட்டாள்.

இருபதாம் நோன்பிலிருந்து ஸகியா ஒரு கோப்பையில் சோறு போட்டுப் பின்கதவுக்கு வெளியே வைக்கத் தொடங்கினாள். ஏன் என்று அவளால் சொல்ல முடியாது. பயமா, பாசமா. கோப்பை நக்கியது போல் வெறுமையாகத் திரும்பியது. இரண்டு கோப்பை வைத்தாள். மூன்று வைத்தாள். எவ்வளவு வைத்தாலும் சத்தம் நிற்கவில்லை. அரிசி வாளிக்குள் கை அளையும் சத்தம். மிளகாய்ப் போத்தலின் மூடி திறபடும் சத்தம். நாற்றம் குசினியிலிருந்து நடைக்கு வந்தது, நடையிலிருந்து முன்னறைக்கு வந்தது. சாம்பிராணி போட்டாள். சாம்பிராணிக்கு அடியிலும் அது இருந்தது.

இதற்கெல்லாம் நடுவில் அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். றஸ்னாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. கடலிலிருந்து ஒற்றைக் கையால் இழுத்துக் கொண்டுவந்த பிள்ளை. குசினிக்குள் அவளை விடவில்லை. தண்ணீர்கூடத் தானே எடுத்துக் கொடுத்தாள். இரவில் மகளின் பாவாடை நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு தூங்கினாள். பின்கதவையே பார்த்தாள். பின்கதவை மட்டுமே பார்த்தாள்.

அதனால்தான் மற்றதைக் கண்டும் அவளுக்கு விளங்கவில்லை. இருபத்தோராம் நோன்புக்கு முந்திய இரவிலிருந்து, தறாவீஹ் தொழுகை முடிந்து நிய்யத்து வைக்கும்போது, பிள்ளையின் உதடு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாக அசைந்ததை அவள் கண்டாள். இபாதத்தில், வணக்கத்தில் ஆர்வம் என்று சந்தோஷப்பட்டாள். இருபத்துநான்கில், சஹருக்கு எழுப்பியபோது றஸ்னா இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினாள். வளரும் பிள்ளை, தூக்கக் கலக்கம். இருபத்தைந்தில், நோன்பு திறக்கக் கஞ்சியை ஊதி ஊதி ஆற வைத்துவிட்டு மறந்துபோய் எழுந்து போனாள். இருபத்தாறில், "என்ன மனே முகமெல்லாம் காஞ்சு கிடக்கு" என்று தாடையைத் தொட்டபோது, "உங்களுக்குக் கண் தெரியல்ல உம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொட்ட விரலில் தோல் சொரசொரத்தது. ஸகியா அதைத் தன் விரலின் குறை என்று நினைத்தாள்.

அதே இருபத்தாறாம் நோன்பு அஸரில், அவள் லைலாவைக் கண்டாள்.

பின்கதவைத் திறந்து கோப்பையைக் குனிந்து வைத்து நிமிர்ந்தபோது, லைலா கிணற்றடியில் நின்றாள். வெயில் அவள் மேல் பட்டது. அன்றைக்கு உடுத்துப்போன அதே மஞ்சள் சட்டை, உடம்போடு ஒட்டி நனைந்து. முகத்தில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. கன்னத்தில் பரு. பதினேழு வயது, நேற்றுத் தேங்காய்க்குப் போனவள் மாதிரி. ஐந்து வருடமாக ஒருத்தி கிழண்டுகொண்டு போக, இன்னொருத்தி அந்தப் பசியைத் தின்று பதினேழிலேயே நின்றிருந்தாள்.

"ராத்தா."

ஸகியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, எனக்குப் பசிக்குது."

"இனி என்னட்ட ஒண்டும் இல்ல தங்கச்சி," என்றாள் ஸகியா. குரல் கிழவியின் குரலாக வந்தது. "எல்லாம் தந்துட்டன்."

லைலா சிரித்தாள். சஹனில் கையில் அடி வாங்கியபோது சிரிக்கும் அதே சிரிப்பு. அவள் ஸகியாவைப் பார்க்கவில்லை. ஸகியாவின் தோளுக்கு மேலால், வீட்டுக்குள், முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். குழவியை உருட்டிக் கதவுக்கு அண்டை கொடுத்தாள். முன்னறைக்கு ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. றஸ்னா பாயில் குர்ஆனை மூடி நெஞ்சில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வந்தது. சீராக வந்தது. ஸகியா அந்த மூச்சைக் கேட்டபடியே மஃரிப் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். குசினியில் ஒரு சத்தமும் இல்லை. இரவிலும் இல்லை. விடிந்தும் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

இருபத்தேழாம் நோன்பு பிற்பகலில் அயல்வீட்டில் வெங்காயம் பொரித்தார்கள்.

ஸகியா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வாசம் வேலிக்கு மேலால் வந்தது. வாயில் எச்சில் ஊறியது.

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

வயிற்றுக்குள் ஒன்று அசைந்தது. முதலில் மெதுவாக, உள்ளிருந்து ஒருவர் விரலால் தட்டுவது போல. பிறகு இழுத்துப் பிடித்தது. பிசைந்தது. அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டு கிறவலில் குந்தினாள். வலி என்று நினைத்தாள். பிறகு அது என்னவென்று உடம்புக்கு ஞாபகம் வந்தது. பசி. கண்ணீர் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். ஐந்து வருடம். யா அல்லாஹ், ஐந்து வருடம். கைகளைப் பார்த்தாள், நரம்புகளுக்குள் இரத்தம் ஓடுவது தெரிவது போலிருந்தது. எழுந்தாள். முழங்கால் நோகவில்லை.

மிஞ்சிய நேரம் முழுவதும் சமைத்தாள். இருபத்தேழாம் இரவின் விசேஷத்துக்கு அயலார் முந்திய இரவு அனுப்பிய இறைச்சி இருந்தது. நெய்ச்சோறு, இறைச்சிக் கறி, கஞ்சி. வாசத்தில் தலை சுற்றியது. ஒரு பருக்கை நாவில் படாமல் காத்தாள். அலுமாரியின் மேலிருந்து வாப்பாவின் பழைய சஹனை இறக்கிக் கழுவித் துடைத்து, சோற்றைக் குவித்து, முன்னறைப் பாயில் வைத்தாள். மின்சாரம் போயிருந்தது. யன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் றஸ்னா வந்து உட்கார்ந்தாள், தலையை முக்காடு நெற்றிவரை மூடியிருந்தது.

பாங்கு கேட்டது.

ஈச்சம்பழம். தண்ணீர். கஞ்சி, ஒரே மூச்சில். பிறகு சோறு. முதல் கவளம் தொண்டையில் இறங்கியது. உப்பு தெரிந்தது. நெய் தெரிந்தது. ஏலத்தின் ஒரு விதை பல்லில்லாத ஈறில் உடைந்தது. அடுத்த கவளம். அடுத்தது. அவளுடைய பக்கத்தில் பள்ளம் விழுந்தது.

"நீ தின்னு மனே."

"எனக்குப் பசிக்கல்ல உம்மா."

கை நிற்கவில்லை. கவளம் வாய்க்குப் போனது.

"உங்களுக்குப் பசிக்குதா?" றஸ்னாவின் குரலில் அடக்க முடியாத சந்தோஷம் இருந்தது. பெருநாள் உடுப்பைக் கண்ட பிள்ளையின் குரல். ஆனால் குரலின் ஓரத்தில் ஏதோ கரகரத்தது. "செல்லுங்க உம்மா, பசிக்குதா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ். இருபத்தொண்டில இருந்து நான் குடுத்த ஏழு நோன்பும் கபூலாகிட்டுது, அல்லாஹ் ஏத்துக்கிட்டான்."

ஸகியா நிமிர்ந்தாள்.

"நீங்க செஞ்ச மாதிரித்தான் உம்மா. நன்மையும் பசியும். எனக்கெண்டு ஒண்டும் வேணாம் எண்டு நிய்யத்து வெச்சன். டொக்டர் ஏலா எண்டார். பாத்தீங்களா?"

திருப்பி எடு என்று சொல்ல வேண்டும். இப்பவே எடு, இந்த நிமிடமே. வாயைத் திறந்தாள். வாய் நிறையச் சோறு இருந்தது. விழுங்கினாள். சொல்ல முன்னர் கை அடுத்ததைக் கொண்டுவந்திருந்தது.

நாற்றம் வந்தது. உப்பு. சேறு.

சஹனில் மூன்றாவது பக்கத்திலும் பள்ளம் விழுந்துகொண்டிருந்தது.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. ஈர விரல்கள் சோற்றைப் பிசையும் சத்தம் கேட்டது. மஞ்சள் சட்டைக் கையின் ஓரத்திலிருந்து தண்ணீர் பாயில் சொட்டியது. அந்தக் கை நீண்டது. பழைய வழக்கம் போல ராத்தாவின் பக்கத்துக்கு அல்ல. றஸ்னாவின் பக்கத்துக்கு.

அடிக்க வேண்டும். அந்தக் கையில் ஒரு அடி. ஸகியா தன் கையை ஓங்கினாள்.

"என்ன உம்மா?"

றஸ்னா குனிந்தாள். முக்காடு நழுவியது. வகிடு முழுவதும் வெள்ளை. ஒரு நீண்ட நரைமுடி கழன்று, தொடப்படாமல் குவிந்திருந்த அவளுடைய பக்கத்துச் சோற்றின் மேல் மெதுவாக விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்வாயில் ஒரு பல் இல்லை.

ஸகியாவின் பக்கத்தில் சோறு முடிந்திருந்தது.

ஓங்கிய கை இறங்கியது. மகளின் பக்கத்துச் சோற்றில் இறங்கியது. அங்கே ஏற்கனவே இருந்த ஈர விரல்களோடு உரசி, நரைமுடியையும் சேர்த்து ஒரு கவளம் திரட்டியது.